தொழில் கைமாறினால் பழி கைமாறுமா?

அமெரிக்காவில் ஒரு பம்புத் தொழிற்சாலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை மாலை வரை அது ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். திங்கள்கிழமை காலையிலிருந்து இன்னொரு நிறுவனத்துக்குச் சொந்தம். அதே கட்டடம், அதே இயந்திரங்கள், அதே தொழிலாளர்கள். வாசலில் தொங்கும் பெயர்ப்பலகைகூட மாறவில்லை. ஆனால் அங்கே தயாராகும் பம்பின் வால்வு வேறொருவர் காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பு. ஆறு ஆண்டுகளாக அவரிடம் அனுமதி கேட்காமல், ஒரு காசும் கொடுக்காமல் செய்து விற்றிருக்கிறார்கள். இப்போது அவர் வழக்குப் போட வருகிறார். யார் மீது போடுவது? பழைய நிறுவனம் காகிதத்தில்தான் இருக்கிறது. புதிய நிறுவனமோ, “நாங்கள் வந்தே மூன்று நாள்தான் ஆகிறது” என்கிறது.

இந்தச் சிக்கலுக்குச் சட்டத்தில் வாரிசுப் பொறுப்பு என்று பெயர். ஒரு நிறுவனம் செய்த தவறுக்கான கடன், அதன் தொழிலை வாங்கிய இன்னொரு நிறுவனத்தின் தலையில் விழுமா என்பதே அதன் கேள்வி. கேட்டால் வழக்கறிஞர்களுக்கு மட்டும் உரிய விஷயம்போல் தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கிறது. உடலே இல்லாத ஒரு ‘நபர்’ எப்போது மறைந்தது, எப்போது வேறு பெயரில் எழுந்து வந்தது என்பதைக் கைமாறிய காசை வைத்தே இந்தச் சட்டம் கண்டுபிடித்துவிடுகிறது.

பெட்டியும் பெட்டிக்குள் இருப்பதும்

சட்டத்தின் கண்ணில் நிறுவனம் என்பது ஒரு தனி நபர். அது சொத்து வைத்துக்கொள்ளலாம், கடன் வாங்கலாம், வழக்குப் போடலாம், வழக்கைச் சந்திக்கவும் வேண்டும். அதை நடத்துகிறவர்கள் வேறு, அது வேறு. மூடி போட்ட ஒரு பெட்டியாக அதை நினைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம், சரக்கு, வணிகப் பெயர், வாடிக்கையாளர் பட்டியல், வங்கிக் கணக்கு எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. கடன்களும் அதே பெட்டிக்குள், அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன.

ஒரு தொழிலை வாங்க மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, பங்குகளை வாங்குவது. அப்போது பெட்டி அப்படியே, மூடி திறக்காமல் கைமாறுகிறது. உள்ளே இருக்கும் கடனும் கூடவே வருகிறது. இரண்டாவது வழி, இணைப்பு. இரண்டு பெட்டிகளில் உள்ளவை ஒரே பெட்டியில் கொட்டப்படுகின்றன. கடன்களும் சேர்ந்து கொட்டப்படுகின்றன. மூன்றாவது வழிதான் சுவாரசியமானது. அதற்குச் சொத்து விற்பனை என்று பெயர். மூடியைத் திறந்து வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடான விலையை உள்ளே வைத்துவிட்டு மூடிவிடலாம். கடன் அடியிலேயே தங்கிவிடும்.

எதையெல்லாம் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்குப் பெரும்பாலும் எல்லை இல்லை. பெயரைக்கூட எடுத்துக்கொள்ளலாம். உடனே படம் வந்துவிடும் கேமராவால் உலகப் புகழ் பெற்ற போலராய்டு நிறுவனம் 2001 அக்டோபரில் திவால் பாதுகாப்பு கேட்டது. அடுத்த ஆண்டு ஒன் ஈக்விட்டி பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் அதன் தொழிலை வாங்கியது. வாங்கிய பொருள்களில் ‘போலராய்டு’ என்ற பெயரும் ஒன்று. பெயரை விற்றுவிட்ட பழைய நிறுவனம் என்ன ஆனது? ‘பிரைமரி பிடிசி’ என்று யாரும் கேள்விப்படாத ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டு, கடன்காரர்களுக்குப் பதில் சொல்ல நீதிமன்றத்தில் நின்றது. புதிதாகப் பிறந்த நிறுவனம் பழைய புகழ்ப் பெயரில் உலாவ, உண்மையான பழைய நிறுவனம் புதுப் பெயரில் ஒதுங்கியது.

சொத்தை வாங்கியவர் கடனை வாங்கவில்லை என்பதே அமெரிக்காவில் பொது விதி. கண்டுபிடித்தவருக்கு இது அநியாயம் இல்லையா? பெட்டியை மறுபடி பாருங்கள். முன்பு அதற்குள் பத்து லட்சம் டாலர் பெறுமான இயந்திரங்கள் இருந்தன. இப்போது அந்த இடத்தில் பத்து லட்சம் டாலர் ரொக்கம் இருக்கிறது. கண்டுபிடித்தவர் அந்தப் பணத்தின் மீது உரிமை கோரலாம். அவருக்கு எதுவும் குறையவில்லை. வாங்கியவரையும் கொடுக்கச் சொன்னால், ஒரே பொருளுக்கு அவர் இரண்டு முறை விலை கொடுத்தவராவார். அப்படி ஒரு சட்டம் இருந்தால், நொடித்துப்போகும் தொழிலை எவரும் வாங்க வரமாட்டார். நல்ல இயந்திரம் பழைய இரும்புக்குப் போகும், வேலை தெரிந்த தொழிலாளி வீட்டுக்குப் போவார்.

மனத்தைப் பார்க்காத சட்டம்

இதில் காப்புரிமை நுழையும்போது சிக்கல் இன்னும் அழகாகிறது. அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம் ஐந்து செயல்களைத் தடுக்கிறது. காப்புரிமை பெற்ற பொருளை அனுமதியின்றிச் செய்யக்கூடாது, பயன்படுத்தக்கூடாது, விற்கக்கூடாது, விற்க முன்வரக்கூடாது, இறக்குமதி செய்யக்கூடாது. இந்த ஐந்தில் ஒன்றைச் செய்தாலே மீறல். தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்பதைச் சட்டம் கேட்பதில்லை. அப்படி ஒரு காப்புரிமை இருப்பதையே வாழ்நாளில் கேள்விப்படாதவரும் அதை மீறியவர் ஆகலாம்.

தெரிந்ததா, தெரியாததா என்ற கேள்வி பிற்பாடுதான் வருகிறது, தொகையை முடிவு செய்யும்போது. தெரிந்தே அலட்சியமாக மீறியிருந்தால், நீதிபதி இழப்பீட்டை மூன்று மடங்கு வரை உயர்த்தலாம். இந்த அதிகாரத்துக்கு இருந்த இறுக்கமான கட்டுகளை 2016-ல் ஹாலோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தளர்த்தியது. பின்னோக்கிப் போவதற்கும் ஓர் எல்லை உண்டு. வழக்குப் போட்ட நாளிலிருந்து ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நடந்த மீறலுக்கு இழப்பீடு கிடையாது.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். நம் கற்பனைப் பம்பின் விலை 500 டாலர் என்போம். நியாயமான உரிமத்தொகை 4 சதவீதம் என்போம். உரிமத்தொகை என்பது, முறைப்படி அனுமதி கேட்டிருந்தால் கொடுத்திருக்க வேண்டிய கட்டணம். ஒரு பம்புக்கு 20 டாலர். ஆண்டுக்கு 10,000 பம்பு விற்றால் 2 லட்சம் டாலர். ஆறு ஆண்டுகளுக்கு 12 லட்சம். தெரிந்தே செய்தார்கள் என்று முடிவானால் 36 லட்சம் வரை போகலாம். பத்து லட்சத்துக்கு வாங்கிய தொழிலோடு 36 லட்சத்துக் கடன் ஒளிந்து வருமானால் வாங்கியவர் அதோடு முடிந்தார். அதனால்தான் வாங்குகிறவர்கள் மூடியைத் திறக்கும்போது கை நடுங்குகிறார்கள்.

நான்கு விதிவிலக்குகள்

பொது விதி மட்டும் இருந்தால் கெட்டிக்காரர்கள் அதை ஒரே நாளில் உடைத்துவிடுவார்கள். கடன் ஏறியதும் புதுப் பெட்டி ஒன்றைச் செய்து, நல்ல பொருளையெல்லாம் அதற்குள் மாற்றிவிட்டு, பழையதைத் தெருவில் எறிந்துவிடலாம். இதைத் தடுக்க நீதிமன்றங்கள் நான்கு விதிவிலக்குகளை வளர்த்து வைத்திருக்கின்றன.

முதலாவது எளிது. “பழைய கடனை நான் ஏற்கிறேன்” என்று வாங்கியவரே ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் கடன் அவருடையது. எழுதாவிட்டாலும் நடத்தையால் ஏற்றுக்கொண்டவர் ஆகலாம்.

இரண்டாவது, உள்ளபடி இணைப்பு. ஒப்பந்தத்தில் ‘சொத்து விற்பனை’ என்று எழுதியிருக்கும். நடந்ததோ இணைப்பாக இருக்கும். அடையாளம் கண்டுபிடிப்பது எப்படி? விலை ரொக்கமாகப் போனதா, பங்காகப் போனதா என்று பார்ப்பார்கள். வாங்கியவர் தன் பங்குகளையே விலையாகக் கொடுத்து, அந்தப் பங்குகள் பழைய உரிமையாளர்களின் கைக்குப் போய், பழைய நிறுவனமும் உடனே கலைக்கப்பட்டிருந்தால், நேற்றைய உரிமையாளர்கள் இன்றைய நிறுவனத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பொருள். பழைய பெட்டிக்குள் கடன்காரருக்கு எதுவும் மிஞ்சவில்லை. அதே நிர்வாகம், அதே ஆட்கள், அதே இடம் என்று மற்ற அடையாளங்களும் சேர்ந்தால் நீதிமன்றம் காகிதத்தில் எழுதிய பெயரை ஒதுக்கிவிடும்.

மூன்றாவது, வெறும் தொடர்ச்சி. பழைய நிறுவனமே சட்டை மாற்றிக்கொண்டு வந்து நிற்பது. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1977-ல் அலாட் என்ற ஏணி நிறுவனத்தின் வழக்கில் இதற்கு இரண்டு அறிகுறிகளைச் சொன்னது. கடன்காரர்களுக்குக் கொடுக்கப் போதுமான விலை கைமாறவில்லை என்பது ஒன்று. இரண்டு நிறுவனங்களிலும் அதே அதிகாரிகள், இயக்குநர்கள் அல்லது பங்குதாரர்கள் இருந்தார்கள் என்பது மற்றொன்று. 2001-ல் அந்த மாநிலத்து மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, 1940-களில் கைமாறிய ஒரு கப்பல் கட்டும் தொழிலைப் பற்றிய வழக்கில் பழைய தீர்ப்புகளையெல்லாம் அடுக்கிப் பார்த்தது. வாங்கியவர் மீது பொறுப்பு விழுந்த தீர்ப்புகளில் பொதுவாக இருந்தது போதாத ரொக்கவிலை என்று கண்டது. அந்த வழக்கில் விலை போதுமான அளவு கொடுக்கப்பட்டிருந்தது. ஆகவே வாங்கியவர் தப்பினார்.

நான்காவது, மோசடி. இதன் வேர் 400 ஆண்டுகளுக்கும் மேல் ஆழத்தில், இங்கிலாந்தின் ஓர் ஆட்டு மந்தையில் இருக்கிறது.

1601-ல் முடிவான ட்வைன் வழக்கு அது. பியர்ஸ் என்பவர் ட்வைனுக்கு 400 பவுண்டு கடன்பட்டிருந்தார். இன்னொருவருக்கு 200 பவுண்டு. இரண்டாவது கடன்காரர் வழக்குப் போட்டதும், பியர்ஸ் தன்னிடமிருந்த 300 பவுண்டு பெறுமான உடைமை முழுவதையும் இரகசியமாக ட்வைன் பேருக்கு எழுதிவைத்துவிட்டார். காகிதத்தின்படி ஆடுகள் ட்வைனுடையவை. ஆனால் அவை மேய்ந்தது பியர்ஸின் இடத்தில். கம்பளி வெட்டியது பியர்ஸ். ஆடுகளின் மேல் பியர்ஸ் போட்டது தன் சொந்த அடையாளத்தை! நீதிமன்றம் ஆட்டைப் பார்த்தது, காகிதத்தைத் தள்ளிவைத்தது. எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொடுத்தது, இரகசியமாகக் கொடுத்தது, வழக்கு நடக்கும்போது கொடுத்தது, கொடுத்த பிறகும் தானே வைத்துக்கொண்டது என்று மோசடியின் அறிகுறிகளை வரிசையாக எழுதிவைத்தது. இன்றைக்கும் கடன்காரரை ஏய்க்கச் சொத்தை மாற்றியவர் வழக்கில் நீதிபதிகள் தேடுவது ஏறத்தாழ அதே அறிகுறிகளைத்தான்.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது வாங்கியவர் தானே விரும்பி ஏற்றது. மற்ற மூன்றும் வெவ்வேறு பெயரில் ஒரே கேள்வியைக் கேட்கின்றன: பழைய பெட்டிக்குள் நியாயமான விலை வந்து விழுந்ததா? விழுந்திருந்தால் கண்டுபிடித்தவர் அந்த விலையைத் தொடரட்டும், வாங்கியவரை விட்டுவிடுங்கள். விழவில்லை என்றால் பொருள் போன வழியே கடனும் போகட்டும்.

ஐந்தாவது வேண்டும் என்றவர்கள்

நான்கு போதாது என்ற குரலும் எழுந்தது. கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் பெப்சி பானத்தைப் புட்டியில் அடைத்து விற்ற நிறுவனம் ஒன்று ஒரு தொழிலாளியைச் சட்டத்துக்குப் புறம்பாக வேலையை விட்டு நீக்கியது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே தொழில் கைமாறியது. வாங்கியவருக்கு வழக்கைப் பற்றித் தெரியும். 1973-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வாங்கியவரும் பொறுப்பு என்றது. தொழில் இடையறாமல் நடந்திருக்கிறது, தெரிந்தே வாங்கியிருக்கிறார், அது போதும். தெரிந்து வாங்குகிறவர் அந்தச் சுமையைக் கணக்கிட்டு விலையைக் குறைத்துப் பேசலாமே என்பதும் நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று. இங்கேயும் விலைதான் நியாயத்தைத் தாங்கி நிற்கிறது.

அதே அலாட் வழக்கு இன்னொரு வழியையும் திறந்தது. ஏணியிலிருந்து விழுந்து ஒருவர் காயமடைந்தார். ஏணியைச் செய்த பழைய நிறுவனம் தொழிலை விற்றுவிட்டுக் கலைந்திருந்தது. நியாயமான விலையும் கைமாறியிருந்தது. ஆனால் அடிபடுவதற்கு முன்பே காசு பிரிந்துபோயிருந்தது. நாளைக்கு விழப்போகிறவருக்கு நேற்றைய பெட்டி எதற்கு உதவும்? அதே வகை ஏணியைத் தொடர்ந்து செய்து, பழைய பெயரின் நன்மதிப்பை அனுபவிக்கிற புதிய நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும் என்றது கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம்.

இப்படிப்பட்ட கருணை காப்புரிமை உடையவருக்கும் கிடைக்குமா? 2005-ல் விசி-ட்ராக் வழக்கில் அமெரிக்காவின் ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் இந்தக் கேள்வி வந்தது. உருக்கிய உலோகத்தை அச்சில் வார்க்கும் இயந்திரங்களைக் கண்காணிக்கும் கருவிகள் தொடர்பான காப்புரிமை அது. மீறல் நிரூபணமாகி, தீர்ப்பும் கையில் இருந்தது. ஆனால் மீறிய விசி-ட்ராக் கார்ப்பரேஷன் திவாலாகி, அதன் சொத்தோடு விசி-ட்ராக் வேர்ல்டுவைடு என்ற நிறுவனம் எழுந்திருந்தது. தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய தாராளம் தனக்கும் வேண்டும் என்றார் காப்புரிமை உடையவர். நீதிமன்றம் மறுத்தது. அது தொழிலாளர் சட்டத்தின் தனித் தேவைக்காகப் பிறந்த விதி, காப்புரிமைக்கு மாநிலச் சட்டத்தின் வழக்கமான விதிகளே போதும் என்றது.

இதில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. காப்புரிமை வழங்குவது மத்திய அரசு. மீறல் எது என்று வரையறுப்பது மத்தியச் சட்டம். காப்புரிமை வழக்குகளின் மேல்முறையீடுகளை விசாரிக்க வாஷிங்டனில் 1982 முதல் ஒரு சிறப்பு நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் மீறியவரின் வாரிசு யார் என்று சொல்வது பெரும்பாலும் மாநிலச் சட்டம்! ஒரே காப்புரிமை, ஒரே மீறல், ஆனால் ஒஹாயோவிலும் கலிஃபோர்னியாவிலும் விடை வேறாகலாம்.

நாடு கடந்தால் சிக்கல் இன்னும் விரிகிறது. வீடியோ கேசட் ரெக்கார்டர் காப்புரிமைகளுக்காக ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் கொரியாவின் டேவூ நிறுவனத்தின் மீது கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டது. இதற்கிடையில் கடனில் மூழ்கிய பழைய டேவூ எலெக்ட்ரானிக்ஸின் தொழில், கொரியாவில் நடந்த மறுசீரமைப்பில் புதிய டேவூவுக்கு மாறியிருந்தது. ஜூரி சுமார் 72 லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்றது. ஆனால் பழைய டேவூவின் கடன் புதிய டேவூவைச் சேருமா என்பதைக் கொரியச் சட்டப்படி பார்ப்பதா, கலிஃபோர்னியச் சட்டப்படி பார்ப்பதா? இந்தக் கேள்வி சிறப்பு நீதிமன்றம் வரை போய் 2010-ல் அலசப்பட்டது.

விற்பனை நாளில் தொடங்கும் இரண்டாவது கணக்கு

இதுவரை பார்த்தது பழைய கணக்கு. வாங்கியவருக்கென்று சொந்தமாக ஒரு புதுக் கணக்கு, விற்பனை முடிந்த அந்த நொடியில் தொடங்குகிறது. அதே பம்பைத் தொடர்ந்து செய்தால் அவரும் மீறுகிறார். இங்கே வாரிசு என்ற பேச்சே வேண்டாம், அவரே செய்தவர். செய்யாமல், கிடங்கில் கிடக்கும் பழைய பம்புகளை விற்றுத் தீர்த்தாலும் அதுவும் மீறல்தான், ஏனென்றால் ‘விற்பது’ தனியே தடுக்கப்பட்ட செயல். காப்புரிமை தொழிற்சாலை இயந்திரத்தின் மீது இருந்தால் இன்னும் மோசம். அந்த இயந்திரத்தை ஓட்டுகிற ஒவ்வொரு நாளும் ‘பயன்படுத்துவது’ ஆகிறது.

பழைய நிறுவனம் முறைப்படி உரிமம் வாங்கியிருந்தால் தப்பிவிடலாம் என்று நினைக்கலாம். அங்கேதான் இந்தத் துறையின் மிக வியப்பான தீர்ப்பு காத்திருக்கிறது. பெர்மாகிளாஸ், பிபிஜி என்ற இரண்டு அமெரிக்கக் கண்ணாடி நிறுவனங்கள் கண்ணாடித் தகட்டைச் சூடான வாயுவின் மேல் மிதக்கவிட்டுப் பதப்படுத்தும் நுட்பத்தை வளர்த்தன. உருளையோ தட்டோ தொட்டால் இளகிய கண்ணாடியில் தழும்பு விழும். வாயுப்படுகையில் மிதந்தால் விழாது. 1964-ல் இரண்டும் ஓர் ஒப்பந்தம் செய்தன. பெர்மாகிளாஸ் தன் ஒன்பது காப்புரிமைகளை பிபிஜிக்கு எழுதிக்கொடுத்து, பயன்படுத்தும் உரிமத்தை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டது. பிபிஜியின் இரண்டு காப்புரிமைகளுக்கும் உரிமம் பெற்றது.

1969-ல் பெர்மாகிளாஸ் கார்டியன் நிறுவனத்தோடு இணைந்தது. உலைகள் அதே இடத்தில் நின்றன, அதே கண்ணாடி அதே வாயுவில் மிதந்தது. ஆனால் பிபிஜி வழக்குப் போட்டது, 1979-ல் வெற்றியும் பெற்றது. காப்புரிமை உரிமம் ஒருவரை நம்பி அவருக்கென்று கொடுப்பது, உரிமையாளர் சம்மதமின்றி இன்னொருவருக்கு மாறாது, இணைப்பில்கூட மாறாது என்றது ஆறாவது வட்ட நீதிமன்றம். கண்டுபிடித்த நிறுவனத்தின் சொந்த உலைகளே, அந்த நிறுவனம் இன்னொன்றில் கரைந்ததும் மீறல் உலைகளாகிவிட்டன. இணைப்பில் கடன் தானாக வந்து சேரும், உரிமமோ தானாக வராது. சட்டம் இரண்டையும் எவ்வளவு கவனமாகத் தனித்தனியே நடத்துகிறது பாருங்கள்.

நீதிமன்றத்தின் தடை உத்தரவும் இப்படித்தான். ‘இந்தப் பம்பைச் செய்யாதே’ என்று பழைய நிறுவனத்துக்கு உத்தரவு இருந்தால், வாங்கியவர் அதற்குக் கட்டுப்பட வேண்டுமா? 1945-ல் ரீகல் நிட்வேர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன விடை, உறவையும் நடத்தையையும் பார் என்பதுதான். உத்தரவிலிருந்து நழுவ உதவும் கருவியாக வாங்கியவர் இருந்தால், அவர் பெயர் அதில் இல்லாவிட்டாலும் அவரைக் கட்டும்.

மூடியைத் திறப்பதற்கு முன்

ஆகவே ஒரு தொழிலை வாங்குமுன் வழக்கறிஞர்களும் பொறியாளர்களும் வாரக்கணக்கில் உட்கார்ந்து படிக்கிறார்கள். அவர்கள் முதலில் புரட்டுவது காப்புரிமை ஆவணத்தின் கடைசிப் பக்கங்களை. அங்கே எண்ணிட்ட வாக்கியங்கள் இருக்கும். அவற்றுக்கு உரிமைக்கூற்று என்று பெயர். கண்டுபிடித்தவரின் உரிமை எதுவரை நீள்கிறது என்று எல்லை காட்டுபவை அவை. ஒவ்வொரு கூற்றும் எத்தனை நீளமானாலும் ஒரே வாக்கியமாகத்தான் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். ‘ஓர் உறை, உறைக்குள் ஒரு வில், வில்லோடு இணைந்த ஒரு தட்டு’ என்று உறுப்பு உறுப்பாக அடுக்கிப் போகும். பம்பைப் பிரித்து வைத்து, ஒவ்வொரு உறுப்பையும் வாக்கியத்தோடு ஒப்பிடுவார்கள். ஒவ்வோர் உறுப்பும், அல்லது அதற்கு நிகரான ஒன்று, இருந்தால்தான் மீறல். ஒன்றே ஒன்று இல்லாவிட்டாலும் தப்பித்தார்கள்.

அடுத்து கோப்புகளைத் தேடுவார்கள். ‘உங்கள் பம்பு எங்கள் காப்புரிமையைத் தொடுகிறது’ என்று ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு கடிதம் எங்காவது கிடக்கலாம். அதைப் படித்த நொடியிலிருந்து வாங்குகிறவர் ‘தெரிந்தவர்’ ஆகிறார். அதன் பிறகும் அதே பம்பைச் செய்தால் மூன்று மடங்கு அபாயம் அவர் பக்கம் சாய்கிறது. படிக்காமல் விட்டாலோ மீறலே தெரியாமல் தொழிலை வாங்க நேரிடும். எனவே படித்து, கணக்கிட்டு, விலையில் கழிக்கிறார்கள். விலையின் ஒரு பகுதியை மூன்றாம் நபரிடம் குறிப்பிட்ட காலம் நிறுத்திவைப்பதும் உண்டு. வழக்கு வந்தால் அந்தத் தொகையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், வராவிட்டால் விற்றவருக்குப் போய்ச்சேரும்.

திவால் நீதிமன்றத்தின் வழியாக வாங்கினால் இன்னும் வலுவான பாதுகாப்பு கிடைக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் 2009 ஜூன் 1-ல் திவால் மனு போட்டது. ஜூலை 10-ல் அதன் நல்ல சொத்துகள் புதிய நிறுவனத்துக்கு, பெரும்பாலான பழைய வழக்குகள் ஒட்டாமல், விற்கப்பட்டு முடிந்தன. ஏறத்தாழ 40 நாளில் உலகின் மாபெரும் கார் நிறுவனங்களில் ஒன்று பெட்டி மாறியது! பழையது ‘மோட்டார்ஸ் லிக்விடேஷன் கம்பெனி’ ஆனது. ஆனால் காரை இயக்கும் சாவி சுவிட்சில் குறை இருப்பது பழைய நிறுவனத்துக்குத் தெரிந்தும், பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு விற்பனை பற்றி அறிவிப்புப் போகவில்லை. அவர்களுடைய வழக்குகளை அந்த விற்பனை உத்தரவு தடுக்காது என்று 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பேச வாய்ப்புக் கிடைக்காதவரின் உரிமையை எந்த விற்பனையாலும் கழுவிவிட முடியாது. அதுபோலவே, கடந்தகாலக் கடனை அழிக்கும் விற்பனை உத்தரவு, நாளைக்கு மீறுவதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது.

கண்டுபிடித்தவர் பக்கம் இன்னொரு வலு இருக்கிறது. டெலவேர் மாநிலத்தில் பதிவான நிறுவனங்கள் ஏராளம். அந்த மாநிலச் சட்டப்படி, கலைக்கப்பட்ட நிறுவனமும் வழக்குகளைச் சந்திப்பதற்காக மட்டும் மூன்று ஆண்டுகள் உயிரோடு இருப்பதாகக் கருதப்படும். சொத்தை விற்ற காசைப் பங்குதாரர்கள் பங்கிட்டுக்கொண்டிருந்தால், முறையாகக் கணக்குத் தீர்க்கப்படாதபோது, அவரவர் பெற்ற தொகை வரைக்கும் அவர்களையும் தொடரலாம். ஆகவே தன் காப்புரிமையை மீறுகிற நிறுவனம் விற்பனைக்கு வருகிறது என்ற செய்தியைப் படிக்கும் கண்டுபிடிப்பாளர் அன்றைக்கே எழுந்து நிற்க வேண்டும். விலை பெட்டிக்குள் இருக்கும்போது கேட்பது எளிது. பிரிந்துபோன பிறகு ஒவ்வொரு கையாகத் தேட வேண்டும்.

கண்டுபிடிப்பாளரின் உழைப்பையும் காக்க வேண்டும், நொடித்த தொழிலுக்கு மறுவாழ்வும் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று மோதும் என்றுதான் தோன்றும். நியாயமான விலை வந்து சேர்ந்ததா என்ற ஒரு கேள்வியை விடாமல் கேட்பதன் மூலம் இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற முயல்கிறது இந்தச் சட்டம். நேர்மையாக விலை கொடுத்தவர் நிம்மதியாகத் தொழில் செய்யலாம். விலை கொடுக்காமல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டவர், எத்தனை புதுப் பெட்டி செய்தாலும் பழைய கணக்கிலிருந்து தப்ப முடியாது.